கரையில் ஒரு பட்டியல்... கடலில் ஒரு உயிர்!

ஒரு சின்ன டெஸ்ட். மணவாளக்குறிச்சி கடற்கரைக்குப் போய், ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில வெச்சுப் பாருங்க. சாதாரண மணல் மாதிரி வெள்ளையா இருக்காது. கறுப்பு, செம்பழுப்பு, நடுநடுவே தேன் நிறத்துல சில துகள்கள். ஊர்க்காரங்களுக்கு அது வெறும் கறுப்பு மணல்தான். கட்டுமரத்தை இழுத்துப் போட்டாங்க, வலையைக் காயப் போட்டாங்க, தேங்காய் நாரைத் திரிச்சுக் கயிறாக்கினாங்க.

அந்தக் கயிறு கப்பலேறிப் போனப்போ, அதுல ஒட்டிக்கிட்டு நம்ம மணலும் போச்சு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்த மணலைச் சோதிச்சார். உள்ளே மோனசைட்! அந்தக் காலத்து கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவையான தோரியம் இருக்கிற தாது. அப்புறம் என்ன? மனுஷன் நேரா மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டுட்டார். இன்னிக்கு அதே ஊர்ல மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை ஓடுது.

எதுக்கு இந்தப் பழைய கதைன்னு கேக்குறீங்களா? விஷயம் இருக்கு. மணல் நம்ம காலுக்குக் கீழே கிடந்துச்சு. ஆனா அதைப் பத்தின தகவல் எங்கேயோ ஜெர்மனியில ஒருத்தர் கையில இருந்துச்சு. பொருள் யார்கிட்ட இருக்குங்கறதைவிட, தகவல் யார்கிட்ட இருக்குங்கறதுதான் பல நேரம் வாழ்க்கையைத் தீர்மானிக்குது.

கம்ப்யூட்டர், செல்போன், சாட்டிலைட் எல்லாம் வந்த பிறகாவது இந்தத் தகவல் சரியான ஆள் கைக்குப் போய்ச் சேருதா? கடலுக்குப் போறவனுக்கு, ரேஷன் கடை வரிசையில நிக்கிற பாட்டிக்கு, காணாமல் போன கணவனுக்காகக் காத்திருக்கிற அக்காவுக்குப் போய்ச் சேருதா? வாங்க, நம்ம கடற்கரையில இருந்தே பார்ப்போம்.

மத்தியும் மொபைலும்

முதல்ல ஒரு நல்ல செய்தி. நாம சாளைன்னு சொல்ற மீனைத்தான் மலையாளத்துல மத்திங்கறாங்க. அந்த மத்தியை வெச்சு உலகப் பொருளாதாரப் பேராசிரியர்கள் எல்லாம் பாடம் நடத்துறாங்கன்னா நம்புவீங்களா?

1997-இல் இருந்து 2001 வரைக்கும் வட கேரளத்துல ஒவ்வொரு மாவட்டமா செல்போன் டவர் வந்துச்சு. ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், அந்த ஆண்டுகள்ல கரைக்குக் கரை மீன் விலையைக் கணக்கெடுத்தார். டவர் வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள், 1997 ஜனவரி 14. வடகரையில 11 மீனவர்கள் மீனோட நிக்கிறாங்க, வாங்க ஆளில்லை. பிடிச்ச மீனைக் கொட்டிட்டுப் போறாங்க. அதே நேரம், 15 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற பக்கத்துச் சந்தைகள்ல 27 வியாபாரிகள் மீன் கிடைக்காம வெறுங்கையோட திரும்பிப் போறாங்க. கொடுமை இல்லையா?

போன் வந்ததும் கடல்ல இருந்தே நாலு கரைக்குப் பேசி, எங்கே விலையோ அங்கே வள்ளத்தைத் திருப்பினாங்க. 2007-இல் ஜென்சன் வெளியிட்ட முடிவு இது: மீன் வீணாவது கிட்டத்தட்ட நின்னுபோச்சு. மீனவர் லாபம் சராசரியா 8 சதவீதம் கூடுச்சு. வாங்குறவங்களுக்கு விலை 4 சதவீதம் குறைஞ்சுது. மானியம் இல்லை, திட்டம் இல்லை, திறப்பு விழா இல்லை. தகவல் கிடைச்சது, அவ்வளவுதான்.

ஆனா, உடனே கைதட்டிடாதீங்க. கடலோரத்துல பொறந்தவங்களுக்குத் தெரியும், எல்லாரும் நினைச்ச கரையில போய் மீனை இறக்க முடியாது. வலைக்கும் எஞ்சினுக்கும் யார்கிட்ட முன்பணம் வாங்கினோமோ அவர் ஏலத்துலதான் மீனைக் கொடுக்கணும். பக்கத்துக் கரையில விலை கூடன்னு போன் சொல்லும். கடன் 'போகாதே'ன்னு சொல்லும். இந்த இடத்தை மறக்காதீங்க. கருவி வந்தா மட்டும் போதாது. கையில கட்டின கயிறும் அவிழணும்.

சிக்னல் இல்லாத நாள்

இப்போ கஷ்டமான கதைக்கு வருவோம். 2017 நவம்பர் 29. இலங்கையின் தென்கிழக்குக் கரையோரம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ஒரே நாளுக்குள்ள, நவம்பர் 30 காலையில, அது புயலாயிடுச்சு. பேரு ஒக்கி. நாலஞ்சு நாள் டி.வி.யில சுத்திச் சுத்திக் காட்டுற புயல் மாதிரி இல்லை இது. வாசல்ல வந்து நின்னு கதவைத் தட்டின புயல்.

கரையில ரப்பர் மரமும் வாழையும் விழுந்துச்சு. ஆயிரக்கணக்குல மின்கம்பம் சாஞ்சுது. கரண்ட் போனதும் போனும் போச்சு. இதெல்லாம் கரையில. கடல்ல?

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புல பேர் போனவங்க. சுறா, சூரை தேடி நூற்றுக்கணக்கான கடல் மைல் போவாங்க. ஒரு தடவை போனா கரை திரும்ப நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு. செல்போன் சிக்னல் கரையில இருந்து ஒரு பத்து, பதினைஞ்சு கிலோமீட்டர் தாண்டினா அவுட். படகுல இருக்கிற வயர்லெஸ்ஸும் ஓரளவு தூரத்துக்குத்தான். எச்சரிக்கை வந்தப்போ அவங்க ஏற்கெனவே நடுக்கடல்ல இருந்தாங்க. எச்சரிக்கை கரையோட நின்னுபோச்சு.

உயிர் தப்பின படகுகள் லட்சத்தீவு, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத்னு எங்கெங்கேயோ போய் ஒதுங்குச்சு. பல படகுகள் திரும்பவே இல்லை. டிசம்பர் 7 அன்னிக்குக் குழித்துறை ரயில் நிலையத்துல ஆயிரக்கணக்கான மக்கள் தண்டவாளத்துல உட்கார்ந்தாங்க. "எங்க ஆளுங்களைத் தேடுங்க" என்பதுதான் அவங்க கோரிக்கை.

அப்போ எழுந்த ஒரு கேள்வி ரொம்பச் சின்னது, ஆனா ரொம்பப் பெரியது: 'மொத்தம் எத்தனை பேர் கடல்ல இருக்காங்க?' ஒவ்வொருத்தர் ஒவ்வொரு எண்ணைச் சொன்னாங்க. அரசுக் கணக்கு ஒண்ணு, ஊர்க் கணக்கு ஒண்ணு. கடைசியில கடலோரப் பங்குகளும் மீனவர் அமைப்புகளும் வீடு வீடாப் போய், ஊர் ஊராப் பட்டியல் எடுத்தாங்க. யார் பேரு, எந்தப் படகு, எப்போ போனாங்க, கூட யாரு... நோட்டுப் புத்தகத்துல எழுதி, போன்ல அனுப்பி, சேர்த்து, சரிபார்த்து.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவர்களுக்குக் கைரேகை எடுத்து அடையாள அட்டை கொடுக்குற வேலை நாடு முழுக்க நடந்துச்சு. படகுகளுக்குப் பதிவு எண் இருக்கு. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. ஆனா 'இன்னிக்கு இந்தப் படகுல போனது யார் யார்?' என்பதற்கு உடனே பதில் சொல்ல ஒரு பட்டியல் இல்லை. மீனவன் யாருன்னு அரசுக்குத் தெரியும். மீனவன் எங்கேன்னு தெரியலை!

ஏழு வருஷம் காத்திருக்கணுமா?

பட்டியல்ல பேரு இல்லேன்னா என்ன ஆயிடும்னு தோணுதா? சட்டத்தைப் பாருங்க. பழைய இந்திய சாட்சியச் சட்டம், 108-ஆவது பிரிவு. ஒருத்தரைப் பத்தி ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லேன்னாத்தான் அவர் இறந்துட்டதா எடுத்துக்க முடியும்.

யோசிச்சுப் பாருங்க. உடல் கிடைக்கலை, அதனால இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால நிவாரணம், இன்ஷூரன்ஸ், விதவை உதவித்தொகை எதுவும் இல்லை. பேங்க்ல இருக்கிற பணத்தைக்கூட எடுக்க முடியாது. படகுக் கடன் மட்டும் கதவைத் தட்டிக்கிட்டே இருக்கும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட ஏழு வருஷம் காத்திருக்க முடியுமா?

ஒக்கியில மக்கள் போராடினாங்க. 2017 டிசம்பர்ல, இறந்த மீனவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாயும் ஒருத்தருக்கு அரசு வேலையும்னு தமிழக அரசு அறிவிச்சுது. காணாமல் போனவங்க குடும்பமும் ஏழு வருஷம் காத்திருக்காம நிவாரணம் பெற வழி செஞ்சாங்க. விதி வளைஞ்சுது. எதனால? ஊர்க்காரங்க கையில பட்டியல் இருந்ததால! பேரு, ஊரு, படகு எண், போன தேதி எல்லாம் எழுத்துல இருந்ததால!

அதான் மக்கா விஷயம். நலத்திட்டம்னா பணம் மட்டுமில்லை, அதுக்கு முன்னாடி ஒரு பட்டியல். அதுல நீங்க இருக்கீங்களா, இல்லையா? எல்லாச் சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்குது.

வானத்துல இருந்து ஒரு எஸ்.எம்.எஸ்.

ஒக்கிக்குப் பிறகு என்ன மாறுச்சு? ஹைதராபாத்துல 'இன்காய்ஸ்'னு ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கு. கடல் அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி, எங்கே மீன் கூட்டம் இருக்கும்னு எல்லாம் சொல்றது இவங்க வேலை. கடல் மேற்பரப்பு வெப்பநிலையையும் பாசி அளவையும் சாட்டிலைட்ல பார்த்து மீன் வளமுள்ள பகுதிகளைக் குறிச்சுக் கொடுப்பாங்க. தகவல் இருக்கு. ஆழ்கடல்ல இருக்கிறவருக்கு எப்படி அனுப்புறது?

இங்கேதான் ஒரு சாமர்த்தியமான யோசனை. விமானங்களுக்கு வழி காட்ட 'ககன்'னு ஒரு சாட்டிலைட் சேவை இந்தியாவுக்கு இருக்கு. அதோட சிக்னல் கடல் மேலேயும் விழுது. அதுலேயே மீனவருக்கான செய்தியையும் ஏத்தி விட்டா? 2019 அக்டோபர்ல 'ஜெமினி'னு ஒரு குட்டிக் கருவி வந்துச்சு. சாட்டிலைட்ல இருந்து வாங்கி, ப்ளூடூத் வழியா உங்க போனுக்குக் கொடுக்கும். டவர் வேண்டாம். புயல் எச்சரிக்கை நடுக்கடல்லயே போன்ல அலறும். விலை சுமார் 9,000 ரூபாய்.

சூப்பர்தான். ஆனா ஜெமினிக்குக் காது உண்டு, வாய் இல்லை. கரை சொல்றதைக் கேக்கலாம். 'எங்க படகு கவிழுது, காப்பாத்துங்க'ன்னு திருப்பிச் சொல்ல முடியாது. அந்தக் குறையைத் தீர்க்க இஸ்ரோ தொழில்நுட்பத்துல, ரெண்டு பக்கமும் பேசுற டிரான்ஸ்பாண்டர் வந்துச்சு. 2024 ஆகஸ்ட் 30 அன்னிக்கு இதுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கினாங்க. 360 கோடி ரூபாய் செலவுல ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாப் பொருத்துறது இலக்கு. ஆபத்துன்னா பட்டனை அமுக்கினாப் போதும், கரைக்கு இடம் தெரிஞ்சிடும்.

மொபைல் ஆப் பக்கம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் குவால்காமோட சேர்ந்து உருவாக்கின 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' இருக்கு. அலை உயரம், காற்று, மீன் வளப் பகுதி, சர்வதேச எல்லை நெருங்கினா எச்சரிக்கைன்னு ஒரு மீனவருக்கு வேண்டியதெல்லாம் தமிழ்லயே கிடைக்கும்.

இதுலயும் ஒரு நெருடல் உண்டு. படகு எங்கே போகுதுன்னு கரைக்குத் தெரிஞ்சா ஆபத்துல உதவலாம், சரி. ஆனா எந்த இடத்துல நல்ல மீன் பாடுங்கறது ஒரு மீனவரோட தொழில் ரகசியம். எல்லை தாண்டினா வழக்குக்கும் அதே பதிவு சாட்சியாகலாம். அதனால சில பேர் கருவியை ஆஃப் பண்ணி வெச்சா ஆச்சரியப்படாதீங்க. யார் பார்ப்பாங்க, எதுக்குப் பார்ப்பாங்க, எத்தனை நாள் வெச்சிருப்பாங்கன்னு முதல்லயே சொல்லணும். நம்பிக்கை இல்லாத இடத்துல எந்த மெஷினும் வேலை செய்யாது.

ஒரு போன் கால், ஒரு லவுட் ஸ்பீக்கர்

எல்லாத்துக்கும் சாட்டிலைட்தான் வேணுமா? இல்லை! ஒரு உண்மைக் கதை.

1998-இல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்கள்ல சுவாமிநாதன் நிறுவனம் 'கிராம அறிவு மையங்கள்' ஆரம்பிச்சுது. வில்லியனூர்ல தலைமை மையம். ஊர்க்காரங்களே, குறிப்பா பெண்கள், கம்ப்யூட்டரை இயக்கினாங்க. ஒரு முக்கிய நிபந்தனை: எல்லாச் சாதிக்காரங்களும் தயங்காம நுழையக்கூடிய பொது இடத்துல மையம் இருக்கணும். வீராம்பட்டினம் மையத்துல தினமும் அமெரிக்கக் கடற்படையின் இணைய தளத்துல இருந்து அலை உயரத் தகவலை எடுத்து, தமிழ்ல லவுட் ஸ்பீக்கர்ல சொல்வாங்க. வலை காயப் போட்டுக்கிட்டே எல்லாரும் கேட்பாங்க.

2004 டிசம்பர் 26. நல்லவாடுன்னு ஒரு மீனவ கிராமம். அந்த ஊர் இளைஞர் ஒருத்தர் சிங்கப்பூர்ல வேலை பார்த்தார். டி.வி.யில சுனாமிச் செய்தி பார்த்து, பதறிப்போய் ஊருக்குப் போன் போட்டார். செய்தி அறிவு மையத்துக்குப் போச்சு. தினமும் அலை உயரம் சொன்ன அதே ஸ்பீக்கர், 'எல்லாரும் ஓடுங்க'ன்னு கத்துச்சு. ஊரே மேட்டுக்கு ஓடுச்சு. ஆயிரக்கணக்கான உயிர் பிழைச்சுது.

அதே நாள் நம்ம குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகள்ல என்ன நடந்துச்சுன்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. இங்கே யாரும் போன் பண்ணலையோ என்னவோ... பண்ணியிருந்தாலும் ஊருக்கே ஒரே நேரத்துல சொல்ல ஒரு ஏற்பாடு இருந்துச்சா?

நல்லவாட்டுல காப்பாத்தினது வெறும் ஸ்பீக்கர் இல்லை. அது தினமும் உண்மையைச் சொல்லிச் சொல்லி ஊர் நம்பின குரல். ஆபத்து அன்னிக்கு மட்டும் புதுசா ஒரு மெஷின் கத்தியிருந்தா, 'எவம்லே அது காலையிலேயே...'ன்னு விட்டிருப்பாங்க!

கம்ப்யூட்டர் 'இல்லை'ன்னு சொன்னா?

இனி கடற்கரையில இருந்து ரேஷன் கடைக்கு. தமிழ்நாட்டுல 2017 ஏப்ரல்ல ஸ்மார்ட் கார்டு வந்துச்சு. பொருள் வாங்கினா போனுக்கு எஸ்.எம்.எஸ். வரும். வாங்காமலே 'வாங்கியாச்சு'ன்னு எஸ்.எம்.எஸ். வந்தா? உங்க பேருல எவரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். உடனே புகார் பண்ணலாம். முன்னெல்லாம் இந்தத் திருட்டு நடந்ததே தெரியாது. இது நிஜமான முன்னேற்றம்.

அப்புறம் கைரேகை மெஷின் வந்துச்சு. இங்கேதான் கொஞ்சம் நில்லுங்க. ஐம்பது வருஷம் கரமடி இழுத்த பாட்டாவோட விரலைப் பார்த்திருக்கீங்களா? நார் திரிச்ச பாட்டியோட விரலை? உப்பும் கயிறும் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகை மழமழன்னு ஆயிருக்கும். மெஷினுக்கு அவங்க யாருன்னு தெரியாது. வாழ்நாள் முழுக்க உழைச்சதாலேயே அடையாளம் அழிஞ்சுபோன மனுஷங்க! தமிழ்நாட்டுல இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. கடைக்கு வர முடியாத முதியவர் ஒரு படிவம் கொடுத்தா, அவர் சார்பில வேறொருத்தர் பொருள் வாங்கலாம். ஆனா இந்தப் படிவம் இருக்குன்னு எத்தனை பாட்டிக்குத் தெரியும்?

இந்த மாதிரி மாற்று வழி இல்லேன்னா என்ன ஆகும்? 2017 செப்டம்பர்ல ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்துல 11 வயசுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனா. ஆதாரோட இணைக்காததால ரேஷன் கார்டு ரத்தாயிடுச்சு, பல நாள் சாப்பாடு இல்லை, பட்டினியில போயிட்டான்னு அம்மா சொன்னாங்க. மலேரியான்னு அரசு சொல்லுச்சு. ரெண்டு தரப்பும் ரெண்டு விதமாச் சொன்னாலும், அந்தக் குடும்பத்தோட கார்டு பட்டியல்ல இருந்து போனது உண்மை. எங்கேயோ ஒரு ஆபீஸ்ல ஒரு பேர் நீங்கினா, ஒரு குடிசையில அடுப்பு அணையலாம்.

'போலிகளை நீக்கிட்டோம்'னு கணக்குச் சொல்றப்போ நாம கேக்க வேண்டிய கேள்வி: நீக்கினதுல நிஜமானவங்க எத்தனை பேர்? அவங்க திரும்பி உள்ளே வர வழி எங்கே?

சுவர்ல எழுதுங்க!

இதுக்கு ஒரு அருமையான பதில் ராஜஸ்தான்ல இருந்து வந்துச்சு. அங்கே எம்.கே.எஸ்.எஸ்.னு ஒரு தொழிலாளர், விவசாயி அமைப்பு. 1994-இல் இருந்து கிராமம் கிராமமா மக்கள் மன்றம் கூட்டி, கூலிப் பட்டியலை எல்லார் முன்னாடியும் சத்தமா வாசிப்பாங்க. 'இந்த ஆளு செத்து மூணு வருஷம் ஆச்சே!', 'நான் வேலையே செய்யலையே, என் பேருல எப்படி கூலி?'ன்னு மக்கள் எழுந்து நிப்பாங்க. 1996-இல் பியாவர் ஊர்ல 40 நாள் தர்ணா. இந்தப் போராட்டங்கள்ல முளைச்சதுதான் 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

அதே ஆட்கள் விடாப்பிடியாக் கேட்டதுல 2019 செப்டம்பர் 13 அன்னிக்கு ராஜஸ்தான் அரசு 'ஜன் சூச்னா' இணைய தளத்தைத் திறந்துச்சு. மனு வேண்டாம், ஃபீஸ் வேண்டாம், 30 நாள் காத்திருக்க வேண்டாம். உங்க பஞ்சாயத்துல யாருக்கு என்ன உதவி கிடைச்சுது, ரேஷன் கடைக்கு எவ்வளவு வந்துச்சு, யார் விண்ணப்பம் எங்கே நிக்குது... எல்லாம் திரையில. பிறகு கர்நாடகமும் 'மாஹிதி கணஜ'ன்னு இதே பாணியில ஒரு தளம் தொடங்குச்சு.

வித்தியாசம் புரியுதா? பொதுவா அரசு, கம்ப்யூட்டர் வழியா மக்களைப் பார்க்கும். இங்கே மக்கள் அதே கம்ப்யூட்டர் வழியா அரசைப் பார்க்கறாங்க!

இதுலயும் கத்தி மேல நடக்குற வேலை இருக்கு. உங்க பாட்டியோட நோய், பேங்க் கணக்கு எல்லாம் ஊருக்குத் தெரியணுமா? கூடாது. ஆனா 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவை மாத்தியிருக்கு. 'தனிநபர் தகவல்'னு சொல்லிப் பயனாளிப் பட்டியலையே தர மறுக்க இது வழியாகும்னு தகவல் உரிமைக்காரங்க எதிர்க்கறாங்க. பாட்டியோட நோய் ரகசியமா இருக்கட்டும். பாட்டி பேருல யார் பணம் எடுத்தாங்கங்கறது ரகசியமா இருக்கக் கூடாது.

சரி, நாம என்ன பண்ணலாம்?

'நான் வெறும் பி.எஸ்சி. செகண்ட் இயர், நான் என்ன பாஸ் பண்ண முடியும்?'னு கேக்காதீங்க. உங்க பையில இருக்கிற போன், 1998-இல் வீராம்பட்டினத்துல இருந்த கம்ப்யூட்டரைவிட எத்தனையோ மடங்கு பெருசு. ஒரு லீவு நாளை எடுத்துக்கோங்க.

1. உங்க தெருவுல தனியா இருக்கிற அஞ்சு முதியவர்கள் யாருன்னு எழுதுங்க. ஓய்வூதியம் வருதா? ரேஷன்ல கைரேகை விழுதா? விழலேன்னா, வேறொருத்தர் வாங்குறதுக்கான படிவத்தை நிரப்பிக் கொடுங்க. ரேஷன் புகாருக்கு 1967. மத்த குறைகளுக்கு முதல்வர் உதவி மையம் 1100.

2. கடலோர ஊரா? 'யார் எந்தப் படகுல, எப்போ போனாங்க'ன்னு ஊர் அளவுல ஒரு பதிவு வெச்சிருக்காங்களான்னு கேளுங்க. இல்லேன்னா, ஊர்க் கமிட்டியோட பேசி ஒரு நோட்டுல ஆரம்பிங்க. ஆப் எல்லாம் அப்புறம். அந்த நோட்டு ஊர் கையில இருக்கட்டும், ஊரோட சம்மதத்தோட இருக்கட்டும்.

3. கடலுக்குப் போற அப்பா, சித்தப்பா, மாமா போன்ல ரெண்டு நம்பரைப் பதிஞ்சு கொடுங்க. கடலோரக் காவல்படை 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

4. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வந்துச்சான்னு பாருங்க. நம்ம மேற்குக் கடற்கரையில தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த நிவாரணத்தை 8,000 ரூபாயா உயர்த்துறதா 2023-இல் மண்டபம் மீனவர் மாநாட்டுல அறிவிச்சாங்க. 'பேரு விட்டுப்போச்சு'ன்னா எதனால விட்டுச்சுன்னு எழுத்துல கேளுங்க.

5. பதில் வரலையா? ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு. தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. 30 நாள்ல பதில் தரணும். இன்ஜினீயரிங் ஃபைனல் இயர் புராஜெக்ட்டைவிட இது சுலபம்; பலன் ஜாஸ்தி!

6. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவங்களுக்கு ஸ்பெஷல் ரிக்வெஸ்ட். அடுத்த புராஜெக்டுக்கு லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் வேண்டாமே, ப்ளீஸ். துறைமுகத்துக்குப் போங்க. முட்டத்தை பாரதிராஜா படத்துல பார்த்ததோட விட்டுடாம, அங்கே ஏலம் நடக்குற நேரத்துல ஒரு நாள் சும்மா நின்னு பாருங்க. அங்கே இருக்கிறவங்க என்ன கேக்கறாங்களோ அதைச் செய்யுங்க. நமக்குத் தெரிஞ்சதை அவங்க தலையில கட்டாதீங்க.

கடைசியா, அந்த மணலுக்கே திரும்பி வருவோம். நூறு வருஷத்துக்கு முன்னாடி, மணவாளக்குறிச்சியில நார் திரிச்சவங்களுக்குத் தங்கள் கயிற்றுல ஒட்டிப் போன மணலின் மதிப்பு தெரியாது. சொல்ல யாரும் இல்லை. இன்னிக்கு உங்க ஊரைப் பத்தின தகவல் எத்தனையோ கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கு. பேரு, ரேகை, படகு எண், ரேஷன் கணக்கு...

அதைப் படிக்கத் தெரிஞ்ச முதல் தலைமுறை நீங்கதான். இந்தத் தடவையும் எங்கேயோ இருக்கிற ஒருத்தர் வந்து சொல்லட்டும்னு காத்திருக்கப் போறீங்களா? இல்லை, இன்னிக்குச் சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பாட்டியோட கார்டை வாங்கிப் பார்க்கப் போறீங்களா?